பாலம் தாண்டி வந்த பச்சை முகம்

எங்கள் காலனிக்குள் ஆட்டோ வராது. தம்பானூர் ஸ்டேஷனில் ஏறி இடத்தைச் சொன்னால் ஓட்டுகிறவர் ஒரு தடவை திரும்பி நம்மைப் பார்ப்பார். பிறகு தோடு என்று இங்கே சொல்கிற ஓடைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டுப் போய்விடுவார். ஒரு பக்கம் ரயில்வே மதில், மறுபக்கம் சாக்கடையாகிப்போன தோடு, நடுவில் நாங்கள். தோட்டின் மேல் ஒரு சிமெண்டுப் பலகை கிடக்கிறது. அதற்குத்தான் பாலம் என்று பெயர். ஓட்டல் சாப்பாடு கொண்டுவரும் பையன்கள்கூட அந்தக் கரையில் நின்றுதான் போன் பண்ணுவார்கள். ஊருக்கு நடுவே இருந்தும் ஊரில் சேராத இடம். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. இடம் சின்னதாக இருந்தால்தானே அதில் ஒருத்தி பெரிய ஆளாக இருக்க முடியும்.

நான் பெரிய ஆள். அதற்குக் காரணம் படிப்பு இல்லை. என் பெயரை எழுதி முடிப்பதற்குள் பக்கத்தில் நிற்கிறவர்கள் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்கள். காரணம் மண். கல்யாணமான புதிதில், தென்காசிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து, ஈரத்துணியில் கட்டி, இந்த மலையாளத்து ஊருக்கு ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் நான். சாமி இருக்கும் இடத்திலிருந்து ஒரு பிடி மண் கொண்டுபோய் வைத்தால் அங்கேயும் அந்த அம்மன் வந்துவிடுவாள் என்பது எங்கள் வழக்கம். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். மண்ணை வைத்த இடத்தில் முதலில் நாலு செங்கல் வந்தது, பிறகு தகரக் கூரை வந்தது, இப்போது டைல்ஸ் ஒட்டிய கோயில் இருக்கிறது. அந்த ஒரு பிடி மண்ணைச் சொல்லியே இத்தனை வருஷமாக எல்லோரையும் அதட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு பிடி மண்ணில் இவ்வளவு விளைச்சலை எந்தச் சம்சாரியும் கண்டிருக்க மாட்டான்.

வருஷத்துக்கு ஒரு தடவை அம்மனுக்குக் கொடை விழா எடுப்போம். கொடையின் முதல் நாள் சாயங்காலம் காப்புக் கட்டு. மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் கட்டினால், அன்று ஒரு இரவு மட்டும் யாரும் எல்லை தாண்டக் கூடாது. விடிந்த பிறகு அவரவர் வேலைக்குப் போகலாம். எல்லை என்றால் பாலம். ஆண்களுக்குப் பூசாரி கட்டுவார். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நான் கட்டுவேன். கட்டி முடித்ததும் பாலத்துப் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன், யாராவது நழுவுகிறார்களா என்று பார்க்க.

போன வருஷம் என் தம்பி மகன் நழுவப் பார்த்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் பரோட்டா போடுகிறவன் அவன். "அத்தை, இன்னைக்கு ராத்திரி ட்யூட்டி. ஆளு இல்ல. போகலைன்னா மொதலாளி கிழிச்சிருவாரு" என்று கெஞ்சினான். "அம்மனவிட மொதலாளி பெரிய ஆளோ? உக்காருலே" என்றேன். மறுநாள் முதலாளி அவனைக் கிழிக்கத்தான் செய்தார். அதிலிருந்து அவன் என்னோடு பேசும்போதெல்லாம் ஒரு சிரிப்போடுதான் பேசுவான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

இந்த வருஷம் கொடை நெருங்கும்போது எங்கள் பிள்ளைகள் ஒரு கதை கட்டிவிட்டார்கள். அதற்குத் தலைவி, இஸ்திரிக்காரர் மகள். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பேச்சு மட்டும் காலேஜுக்குப் போய்விட்டது. கதை இதுதான்: கோயிலுக்குள் இருக்கும் அம்மன் சும்மா வேஷம். உண்மையான அம்மன் ஒரு சின்னப் பிள்ளை. எங்களோடு இருந்து இருந்து அவளுக்குச் சலித்துப்போய், பாலம் தாண்டி டவுனுக்குப் போய்விட்டாள். அங்கே யாருக்கும் தெரியாமல் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். இந்த வருஷம் காப்புக் கட்டும்போது திரும்பி வருவாள். பார்த்ததும் அவளை யார் முதலில் கண்டுபிடிக்கிறார்களோ அவர்கள் கேட்டதைக் கொடுப்பாள்.

"அம்மன் எத்தனாங் கிளாஸ்ட்டி படிக்கா?" என்று கேட்டேன்.

"ஏழு, பெரியம்மை."

"தமிழ் மீடியமா?"

"மலையாளம். தமிழ் மீடியத்துல ஆள் சேரலன்னு மூடிட்டாங்கல்லா."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். "போங்கட்டி, பீடத்துல இருக்குறவள ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க" என்று விரட்டினேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்றிலிருந்து அந்தப் பக்கமாக யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் என் தலை தானாகத் திரும்பியது. அம்மன் வருவதாக இருந்தால், மடியில் சுமந்து கொண்டுவந்த என்னைக் கேட்காமல் ஒரு மூன்றாம் வகுப்பு அவளைக் கண்டுபிடிக்கலாமா?

காப்புக் கட்டு அன்று மெயின் ரோட்டில் சரியான பிளாக். டவுன் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கலோத்சவம். எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் வந்து இறங்கியிருந்தார்கள். எங்களுக்கு அதெல்லாம் அக்கரைச் செய்தி. தவில், நாதஸ்வரம், பம்பையோடு நையாண்டி மேளம் வந்து இறங்கிவிட்டது. சாம்பிராணிப் புகை மதில் உயரத்துக்கு நிற்கிறது. நான் தட்டில் மஞ்சள் கயிறுகளோடு பாலத்துப் பக்கம் நின்று வரிசையாகக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஜல் ஜல் என்று சலங்கை.

புகைக்குள்ளிருந்து ஒரு பிள்ளை ஓடி வருகிறது. முகம் முழுக்கப் பச்சை. கண் காது வரை நீண்டிருக்கிறது. உதடு ரத்தச் சிவப்பு. தலையில் பொன் கிரீடம், நெஞ்சில் பொன் பதக்கம், இடுப்பைச் சுற்றி வெள்ளையும் சிவப்புமாகத் தொங்கும் நாடாக்கள், முழங்காலுக்குக் கீழே மணிகள். பலகையின் மேல் ஒரு தாவு. இறங்கி நேராக என் முன்னால் வந்து நின்றது.

தவில்காரர் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. இஸ்திரிக்காரர் மகள் "வந்தாச்சு! வந்தாச்சு!" என்று கத்தினாள். பெண்கள் குலவை போட்டார்கள்.

இந்த ஊரில் ஐம்பது வருஷமாக இருக்கிறேன். அந்தப் பச்சை முகத்தை ரயில்வே ஸ்டேஷனிலும் பஸ்ஸின் முதுகிலும் எத்தனை தடவை படமாகப் பார்த்திருப்பேன்! படத்தில் இருந்தால் டூரிஸ்டு விளம்பரம், பாலத்தில் வந்தால் அம்மன். என் புத்தி அப்படி வேலை செய்தது. கண் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டிருந்தேன் என்று அதன் மேலும் கொஞ்சம் பழி போடலாம்.

அம்மன் வாயைத் திறந்து முதல் வார்த்தை சொன்னாள். "அம்மூம்மே, பாத்ரூம் எவிடெயா? வேகம்!"

என்னைப் பாட்டி என்று கூப்பிட்டுத் தெளிவாகத்தான் கேட்டாள். எனக்குத் தெளிவாகத்தான் புரிந்தது. அதற்கும் நான் அசரவில்லை. எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறாளோ, பாவம், என்று நினைத்தேன். "வழி விடுங்க! வழி விடுங்க!" என்று கூட்டத்தை விலக்கி, காலனிக் கக்கூஸ்களில் கொஞ்சம் நல்லதாக இருந்ததைத் திறந்து, ஒரு குடம் தண்ணீரை நானே சுமந்து வைத்தேன். அந்த நாடாக்களை அவிழ்த்துக் கட்ட நேரம் பிடித்தது. கதவுக்கு வெளியே தவில், நாதஸ்வரம், சூடத்தட்டு, குலவை. உள்ளே இருந்த பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

என் வீட்டுக்காரர் மெல்லப் பக்கத்தில் வந்தார். "ஏட்டி, அது நெஞ்சுல ஒரு நம்பர் குத்தியிருக்கே, பாத்தியா?"

"அதுக்கென்ன?"

"அம்மனுக்கு நம்பர் உண்டுமா?"

"நீங்க பேசாம இருங்க. மண்ணு கொண்டு வரும்போதும் தூங்கினியதான."

கதவு திறந்தது. இஸ்திரிக்காரர் மகள் முன்னால் பாய்ந்தாள். எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. ஒரு கையால் அவளைத் தள்ளிவிட்டு, மறு கையால் பச்சை முகப் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து, மஞ்சள் கயிற்றைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டேன். முதலில் கண்டுபிடித்தவள் நான்தான் என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று கையைத் தூக்கியும் காட்டினேன்.

அந்தப் பிள்ளை கயிற்றைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகு பாலத்தைப் பார்த்து ஓடியது. பாலத்தில் என் தம்பி மகன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். அதே சிரிப்பு.

"காப்புக் கட்டியாச்சுல்லா? விடியுற வரைக்கும் யாரும் தாண்டக் கூடாது. அத்தை சட்டம். அம்மனா இருந்தாலும் சட்டம் சட்டம்தான்."

"லே, விளையாடாத" என்றேன்.

"நானா விளையாடுதேன்? போன வருஷம் நான் விளையாட்டுக்கா ட்யூட்டிய விட்டேன்?"

அந்தப் பிள்ளை அழ ஆரம்பித்தது. அழுகையோடு சொன்னதில் எல்லாம் வெளியே வந்தது. எட்டாம் கிளாஸ் படிக்கிறாள். வடக்கே எங்கிருந்தோ ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் வந்திருக்கிறாள். துள்ளல் ஆட்டப் போட்டி. லாட்ஜில் வேஷம் கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினால் ரோடு பிளாக். அப்பா ஆட்டோவில் இருக்க, அவசரம் தாங்காமல் கண்ணில் பட்ட பாலத்தில் இறங்கி ஓடி வந்திருக்கிறாள். மேடையில் அவள் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். மூன்று தடவை கூப்பிட்டும் போய் நிற்காவிட்டால் அவ்வளவுதான். ஒரு வருஷப் பயிற்சியும் போச்சு.

"அழாத மக்களே, அழாத. பச்சை ஒழுகும்" என்று முந்தானையைக் கொண்டுபோனேன். எங்கே துடைப்பது என்று தெரியாமல் திரும்பக் கொண்டுவந்தேன்.

"எட்டாம் கிளாஸா? அப்ப இது அம்மன் இல்ல. அம்மன் ஏழு" என்று இஸ்திரிக்காரர் மகள் அறிவித்தாள். எனக்கு முன்னால் தெளிந்தது அவளுக்குத்தான்.

அதற்குள் அக்கரையில் ஒரு ஆள் கையில் போனோடு ஓடி வந்தார். "மோளே! ரெண்டு விளியும் கழிஞ்ஞு! டீச்சர் விளிக்குந்நு! வா!" இரண்டு தடவை கூப்பிட்டாயிற்றாம். பலகையில் கால் வைத்ததும் என் தம்பி மகன் விரித்த கையைப் பார்த்து, "எந்தா? எந்தா ப்ரஸ்னம்?" என்றார். நாதஸ்வரக்காரர் அவருக்கு விளக்கப் போனார். காப்பு, எல்லை, விடியல் என்று கேட்கக் கேட்க அந்த மனிதருடைய முகமும் மகள் முகத்தின் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. "ஆரா இது கெட்டியது?" என்று கடைசியில் ஒரு சத்தம் போட்டார். காலனி முழுக்க என்னைக் காட்டியது. இவ்வளவு ஒற்றுமையை நான் எங்கள் ஆட்களிடம் கொடைக்கு வரி பிரிக்கும்போதுகூடப் பார்த்ததில்லை.

கயிற்றை அவிழ்த்துவிட்டால் தீர்ந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். கட்டின காப்பை நேரத்துக்கு முன்னால் அவிழ்ப்பது எங்களில் கிடையாது. அது அபசகுனம். அதைவிட, மூன்று முடிச்சுப் போட்டுக் கையைத் தூக்கிக் காட்டிய பிறகு, இத்தனை பேர் முன்னால் நானே உட்கார்ந்து முடிச்சை அவிழ்ப்பதா? அம்மன் மன்னித்தாலும் என் தம்பி மகன் மன்னிக்க மாட்டான். இந்தப் பக்கம் பிள்ளையின் கன்னத்தில் பச்சைக்கு நடுவே ஒரு கோடு இறங்கிக்கொண்டிருக்கிறது.

பாலத்தைப் பார்த்தேன். பாலம்தான் எல்லை என்று சொன்னது யார்? நான்தான். எங்கள் ஊரில் எல்லைக்குக் கல் நட்டிருக்கும். இங்கே வந்த புதிதில் கல்லுக்கு எங்கே போவது? கொட்டுச் சத்தம் கேட்கிற தூரம் எல்லை என்று வைத்துக்கொண்டோம். பிறகு நான்தான் காவலுக்குச் சௌகரியமாக, ஒரு நாற்காலி போட இடமிருக்கிறதே என்று, அதைப் பாலத்தோடு சுருக்கிவிட்டேன்.

"தவில்காரரே!" என்று கூப்பிட்டேன். "எடுங்க. பிள்ளைக்கு முன்னால அடிச்சிக்கிட்டே நடங்க. கொட்டு எங்க கேக்குதோ அதுதான் எல்லை. மேடை வரைக்கும் போட்டும் எல்லை."

முதலில் வாயைத் திறந்தவன் என் தம்பி மகன். "நல்லாருக்கே அத்தை. போன வருஷம் எங்கூட ஒரு பம்பைய அனுப்பியிருந்தா நானும் அடுப்புக்குப் பக்கத்துல எல்லைக்குள்ளயே இருந்திருப்பேன்லா?"

"அதப் பெறகு பேசுவோம். கையக் கீழ போடு."

அவன் போட்டான். சும்மா போடவில்லை. அந்தப் பிள்ளையின் கிரீடம் சரியாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு அவனே முதல் ஆளாகப் பாலம் தாண்டினான்.

மேடை நடந்தால் பக்கம், வண்டியில் போனால்தான் தூரம். முன்னால் நாதஸ்வரமும் தவிலும் பம்பையும், நடுவில் பச்சை முகம், பக்கத்தில் மகளின் கன்னத்துக் கோட்டை விரலால் தடவி மூடிக்கொண்டே அப்பா, பின்னால் மஞ்சள் கயிறு கட்டிய காலனி முழுக்க. நானும் நடந்தேன். முட்டி வலிக்காரி என்பதை அன்றைக்கு மறந்துவிட்டேன். மறுநாள் அது ஞாபகப்படுத்தியது. பஸ்ஸும் காரும் ஒன்றோடொன்று மூக்கை உரசி நின்ற ரோட்டில் மேளம் நுழைந்ததும், பைக்குக்காரர்கள் காலை ஊன்றி ஒதுங்கினார்கள். ஒரு போலீஸ்காரர் விசில் ஊதி அந்தப் பக்கத்து வண்டிகளை நிறுத்தினார். யாரோ முன்கூட்டியே அனுமதி வாங்கிய எழுந்தருளல் என்று நினைத்திருக்க வேண்டும். கும்பிட்டுவிட்டு, "ஏது அம்பலம்?" என்று கோயிலை விசாரித்தார். "நம்ம அம்பலம்தான்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தேன்.

மேடைப் பந்தல் வாசலில் மைக்கில் அவள் நம்பரைக் கூப்பிடுவது கேட்டது. மூன்றாவது தடவை. அப்பா மகளைத் தூக்காத குறையாகத் தள்ளிக்கொண்டு ஓடினார். மணிகள் ஜல் ஜல் என்று கூட்டத்துக்குள் போய் மறைந்தன. பிறகு மேடைக்குப் பக்கவாட்டில் கிரீடம் தெரிந்தது. டீச்சர் ஒருவர் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு, பச்சை ஒட்டிய தன் புடவையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில் பேட்ஜ் குத்திய பையன் ஒருவன் எங்களிடம் வந்தான். "அம்மாமாரே, மேளம் நிறுத்தணும். போட்டி தொடங்கப் போகுது." தவில்காரர் என்னைப் பார்த்தார். நிறுத்தினால் கொட்டு இல்லை. கொட்டு இல்லையென்றால் எல்லை இல்லை. நாங்கள் அத்தனை பேரும் காப்போடு எல்லைக்கு வெளியே நிற்கிறோம். தவில் நின்றது. அப்போது மேடையில் மத்தளம் எழுந்தது.

"இதுவும் கொட்டுதான்" என்றேன் சுற்றி நின்றவர்களிடம்.

"யாராவது இல்லன்னு சொன்னாங்களா?" என்றார் என் வீட்டுக்காரர்.

துள்ளல் என்ன கதை என்று எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் அது கேலி பேசுகிற ஆட்டம் என்று புரிந்தது. சபையில் இருப்பவர்களைக் கையைக் காட்டி வம்புக்கு இழுக்கிறார்கள். பெருமைக்காரர்களைக் கேலி செய்யும் ஒரு அடி வந்தது. பிள்ளை நாடாக்களைச் சுழற்றி, கண்ணை உருட்டி, நான் நின்ற மூலையைப் பார்த்து விரலை நீட்டியது. சபை முழுக்கச் சிரித்தது. தற்செயலாக இருக்கலாம். ஆனால் அந்த விரலுக்கு மேலே மணிக்கட்டில் மஞ்சள் கயிறு பளிச்சென்று தெரிந்தது. நானும் சிரித்துவைத்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள், "நிங்ஙளுடெ குட்டியாணோ?" என்று கேட்டாள். "நாங்கதான் கொண்டு வந்தோம்" என்றேன். பொய் இல்லையே.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது மேளக்காரர்கள் காலனிக்குத் திரும்பிப் போயிருந்தார்கள். கொடை வேலை கிடக்கிறதே. மற்றவர்களும் அவர்கள் பின்னாலேயே போயாயிற்று. நானும் என் தம்பி மகனும் இஸ்திரிக்காரர் மகளும் மட்டும் பிள்ளையை அவள் லாட்ஜ் வரை விடப் போனோம். அப்பா இப்போது என்னிடம் கோபமாக இல்லை. ஆட்டோ கிடைக்காததால் அவர் கிரீடத்தை ஒரு குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். பிள்ளை தூக்கக் கலக்கத்தில் நடந்தது. பச்சை பாதி கலைந்து, உள்ளே ஒரு சாதாரண முகம் தெரிந்தது.

லாட்ஜ் படியில் ஏறியவள் நின்றாள். கயிற்றைத் தொட்டுக் காட்டி, "அம்மூம்மே, இது ராத்திரி முழுக்கக் கெட்டணம் அல்லே? இவிடெ கிடந்தால் ப்ரஸ்னம் உண்டோ?" என்று கேட்டாள். எல்லை தாண்டிப் படுத்தால் தப்பா என்கிறாள்; கேலி இல்லை. எங்கள் சட்டத்தை எங்கள் பிள்ளைகள்கூட அவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை.

லாட்ஜ் பாலத்துக்கு வெளியே, டவுன் பக்கம். இங்கே கொட்டுக் கேட்கிறதா என்று பார்த்தால்தான் சொல்ல முடியும். தலையைச் சாய்த்து நின்றேன். ஒரு பஸ் உறுமிக்கொண்டு போனது. ஸ்டேஷனில் ஏதோ வண்டி லேட் என்று ஒரு பெண் அறிவித்துக்கொண்டிருந்தாள். அதைக்கூட இஸ்திரிக்காரர் மகள்தான் என் காதில் சொன்னாள். உண்மையைச் சொன்னால், தவில்காரர் எனக்கு ஒரு முழம் தள்ளி நின்று அடித்தபோதே எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. என் காது விஷயம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் மட்டும் ஒத்துக்கொள்வதில்லை.

"கேக்குதா அத்தை?" என்றான் என் தம்பி மகன்.

"ஏன் கேக்காம? நல்லா கேக்குது. பம்பையும் சேத்துக் கேக்குது" என்றேன். பிறகு பிள்ளையிடம், "இதும் எல்லைதான் மக்களே. போய்ப் படுத்து உறங்கு" என்று சொன்னேன்.

அவளும் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள். "சரியா, கேள்க்காம்" என்று, தனக்கும் கேட்பதாகத் தலையாட்டிவிட்டு மாடிக்கு ஏறிப் போனாள்.